மாமன் பெயர் போடாத நோட்டீஸ்

எங்கள் அப்பாவுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த ஆங்கிலக் காகிதத்தைப் பார்த்தாலும் அதைத் தமிழாக்கிவிட்டுத்தான் கை கழுவுவார். தமிழாசிரியர், பெயரே தமிழ்ச்செல்வன். கேஸ் சிலிண்டரில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை. அந்த வியாதிதான் என் வைவா அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் மேளம் கொட்ட வைத்தது.

நான் அறிவுமதி. ஊர் கீரமங்கலம் பக்கம். பெங்களூரில் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்து, தடியாக ஒரு தீசிஸ் எழுதிக் கொடுத்திருந்தேன். பட்டம் கைக்கு வர ஒரு கண்டம்தான் பாக்கி. அதன் பெயர் வைவா. நாம் எழுதியதை எல்லார் முன்னாலும் விளக்கி, வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட பேராசிரியர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு வாய்த்தவர் மெல்போர்னில் இருக்கும் பேராசிரியர் ஆரோக்கியதாஸ். அவர் பெயரைக் கேட்டாலே எங்கள் லேபில் இருப்பவர்கள் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்கள். அப்படி ஒரு மனுஷன்.

திருவிழாவுக்காக ஊருக்கு வந்திருந்தேன். வந்த மறுநாள் அம்மன் கோவிலில் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டும்போது ஊரில் இருக்கிறவர்கள் திருவிழா முடிகிறவரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். அம்மா நம்புகிறாள், அது போதும். சொல்லி வைத்தாற்போல அன்று சாயங்காலமே என் கைடு ராஜலட்சுமி மேடம் போன் செய்தார்.

"அறிவு, ஆரோக்கியதாஸ் சார் வியாழக்கிழமை நேரம் குடுத்திருக்கார். இதை விட்டா தை மாசம்தான்."

"மேடம், ஊர்ல காப்புக் கட்டியாச்சு. நான் அங்க வர முடியாதே."

"யார் உன்னை வரச் சொன்னா? அவரே மெல்போர்ன்ல உக்காந்துக்கிட்டுதான் கேள்வி கேக்கப் போறார். நீ உன் வீட்டுல உக்காந்து பதில் சொல்லு. நெட் மட்டும் புட்டுக்காம பாத்துக்கோ."

அத்தோடு விட்டிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். மேடம் வைவா அறிவிப்பையும் அனுப்பி வைத்தார். ஆங்கிலத்தில் ஒரே ஒரு பக்கம். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பது வைவாவின் விதி, அதனால் கடைசி வரியில் எல்லாரையும் அன்போடு அழைப்பதாக ஒரு வழக்கமான வாசகம் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. எங்கள் லேபில் இதுவரை நடந்த வைவாக்களில் வெளியாள் என்று வந்து உட்கார்ந்தவர், ஏசிக்காக ஒதுங்கிய ஒரு செக்யூரிட்டி மட்டும்தான்.

அப்பா படித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி படித்தார். நான் மொட்டை மாடியில் சிக்னல் தேடிவிட்டு இறங்கி வருவதற்குள் காரியத்தை முடித்துவிட்டார். கல்யாணப் பத்திரிகை செய்கிற ஆப்பில் ஒரு பூ பார்டரை எடுத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, மேலே கும்பிடுகிற கை போட்டு, சொந்தபந்தமெல்லாம் இருக்கிற ஊர் வாட்ஸப் குரூப்பில் விட்டிருந்தார். எங்கள் அன்பு மகள் அறிவுமதியின் பொது வாய்மொழித் தேர்வு. பொருள், மூளையின் தடுப்பு நரம்பு செல்களுக்குள் ஓபியாய்டு ஏற்பிகள் சேதி கடத்தும் விதம். தலைமை, பேராசிரியர் ராஜலட்சுமி. முன்னிலை, பேராசிரியர் ஆரோக்கியதாஸ், மெல்போர்ன். அனைவரும் வருக, வருக.

"அப்பா! இது பரீட்சைப்பா! காதுகுத்து இல்ல!"

"நானா கூப்பிட்டேன்? அவங்கதான் எல்லாரையும் கூப்பிட்டிருக்காங்க. இல்லாத ஒரு வார்த்தைய நான் சேக்கல."

"வருக ஒண்ணுதானே இருந்துச்சு. ஏன் ரெண்டு போட்டீங்க?"

"ஒண்ணு போட்டா மரியாதையா இருக்காதுத்தா."

தலையில் அடித்துக்கொண்டேன். அதற்குள் குரூப்பில் 'வாழ்த்துகள்', 'குடும்பத்துடன் வருகிறோம்' என்று வரிசை கட்ட ஆரம்பித்துவிட்டது. சாப்பாடு உண்டா என்று ஒருவர் நேரடியாகவே கேட்டிருந்தார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். நோட்டீஸை ஒருதரம் பார்த்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள். "எந்தம்பி பேரு இல்லையே" என்றாள், அவ்வளவுதான். சுகுணா என்று பெயர் இருக்கிற எங்கள் அம்மா, கோபம் வந்தால் கத்துவாள். வருத்தம் வந்தால்தான் இப்படிச் சுருக்கமாகப் பேசுவாள்.

அவள் தம்பி மலையாண்டி மாமா. குன்றாண்டார்கோவில் பக்கம் விவசாயம். என்னைத் தூக்கி வளர்த்ததில் அவருக்குப் பாதிப் பங்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி என்றால் எனக்கு வேண்டிய பல்பு, ஒயர், கண்ணாடிக் குழாய் எல்லாவற்றையும் திருச்சிக்குப் போய் வாங்கிவந்து, கண்காட்சி முடிகிறவரை என் மேசைக்குப் பக்கத்தில் காவல்காரர் மாதிரி நின்று, "எங்க அக்கா மக செஞ்சது, கை வைக்காதீங்க" என்று பார்க்க வந்த ஹெட்மாஸ்டரையே விரட்டியவர்.

அந்த மாமா என்னோடு பேசி நாலு வருஷம் ஆகிவிட்டது. அவர் மகன் விக்ரமை நான் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது பெரியவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட கணக்கு. எனக்கும் அவனுக்கும் அந்த எண்ணமே கிடையாது. சின்ன வயதிலிருந்து மண்டையில் குட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள், பார்த்தாலே சிரிப்புத்தான் வரும். இரண்டு பேருமே வேண்டாம் என்றுதான் முடிவு செய்தோம். ஆனால் அதை வாய் திறந்து சொன்னது நான். விக்ரம் பிற்பாடு கந்தர்வக்கோட்டைப் பெண் ஒருத்தியைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, ஒரு குட்டிப் பயலுக்கு அப்பாவும் ஆகிவிட்டான். எல்லாம் சரியாகிவிட்டது. மாமா வாய் மட்டும் திறக்கவில்லை. கல்யாணம் காட்சியில் நேருக்கு நேர் நின்றால்கூட, பக்கத்தில் இருப்பவரிடம் "அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சான்னு கேளுங்க" என்பார்.

விக்ரம் போன வருஷம் ஒரு ரகசியம் சொன்னான். மாமாவுக்குக் கோபம் ஒரு வாரத்திலேயே வடிந்துவிட்டதாம். அவரைப் பிடித்து வைத்திருப்பது அவர் சம்சாரம் அழகி அத்தை. என்னோடு பேச மாமா போனை எடுத்தால் போதும், அத்தை அடுப்படியிலிருந்து ஒரு கனைப்புக் கனைக்கும். மாமா போனை வைத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். ஒரு கனைப்பு, அவ்வளவுதான். எனக்குப் பட்டம் வேண்டும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், மாமா ஒருதரம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாரா என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

புதன்கிழமை காலையில் விக்ரம் போன் செய்தான். குரலை இறக்கிப் பேசினான்.

"ஏய், நோட்டீஸ அம்மா பாத்துருச்சு. எங்க வீடு ரெண்டாகுது."

"என்னடா சொல்றாங்க?"

"காதுகுத்துக்கு மாமன் பேரு, சடங்குக்கு மாமன் பேரு, இதுக்கு மட்டும் யாரோ ஆரோக்கியதாஸாங்குது. மெல்போர்ன்ல அவளுக்கு எந்த மாமன்டா இருக்கான்னு என்னைய பிடிச்சு உலுக்குது."

"அது பரீட்சைன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"சொல்லாம இருப்பேனா? பரீட்சைக்கு எவன்டா குத்துவிளக்குப் போட்டு பத்திரிகை அடிப்பான்னு கேக்குது. நான் என்னத்த சொல்ல? இரு, வருது, வச்சிர்றேன்."

வைத்துவிட்டான். அதற்கப்புறம் எத்தனை தடவை அடித்தாலும் எடுக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "போச்சு. வெத்தலை பாக்கு வச்சு கூப்பிடாம, வாட்ஸப்புல பாத்துத் தெரிஞ்சிருக்காக. இனி சாவு வாழ்வுக்குக்கூட இல்ல" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அப்பா ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை எழுதினால் இந்தக் கதை முடியாது.

வியாழக்கிழமை விடிந்தது. கோவில் கமிட்டிக்காரர்கள் அப்பாவிடம் படித்தவர்கள். நான் கேட்காமலே குழாய் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டார்கள். "புள்ள பரீட்சை முடியட்டும் சார், அதுவரைக்கும் ஆத்தா பொறுத்துக்குவா" என்றார்கள். ஹாலில் டிவியோடு லேப்டாப்பை இணைத்தோம். நேரம் ஆக ஆகக் கூட்டம் சேர்ந்தது. ஹால் நிறைந்து, வாசல் பந்தலில் நாற்காலி போட்டு, அதுவும் போதாமல் தெருவில் நின்றார்கள். பட்டுப்புடவை கட்டி வந்தவர்களும் உண்டு. அம்மா அண்டாவில் கேசரி கிண்டியிருந்தாள். துக்கமாக இருந்தாலும் வந்தவர்களுக்கு இனிப்புக் கொடுக்காமல் அனுப்ப அவளால் முடியாது.

பத்து மணிக்குத் திரையில் மேடமும் ஆரோக்கியதாஸ் சாரும் வந்தார்கள். என் பின்னால் இருந்த கூட்டத்தைப் பார்த்து மேடம் முகம் வெளுத்தது. சார் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வழுக்கைத் தலை, பெரிய மூக்குக்கண்ணாடி. ஆரம்பிக்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் ஆரம்பித்தேன். நடுமூளையில், வலியை அடக்குகிற செல்கள் ஒரு கூட்டம் இருக்கின்றன. அவை முதுகுத்தண்டுக்குச் சேதி அனுப்பினால் வலி குறையும். ஆனால் சாதாரண நேரத்தில் அவற்றை வேறு செல்கள் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடிக்கிற செல்கள்தான் தடுப்பு நரம்பு செல்கள். காபா என்ற ஒரு பொருளைச் சுரந்து, பக்கத்துச் செல்லை வாய் திறக்க விடாமல் வைத்திருக்கும். மார்ஃபின் என்ன செய்கிறது? வலியை நேரே போய் அடிப்பதில்லை. தடுப்பு செல்லின் மேல் இருக்கும் ஓபியாய்டு ஏற்பியில் போய் உட்கார்ந்து, தடுப்பவனின் கையைத் தளர்த்துகிறது. பிடி விட்டதும் வலியை அடக்கும் செல் தானே எழுந்து வேலையைப் பார்க்கிறது. நம் உடம்பே சுரக்கிற மார்ஃபின் மாதிரிப் பொருள்களும் இதே ஏற்பியில்தான் உட்காருகின்றன.

இவ்வளவும் பழைய சேதி. என் ஆராய்ச்சி அதற்கப்புறம். ஏற்பியில் மார்ஃபின் உட்கார்ந்ததும் அந்தத் தடுப்பு செல்லுக்குள் என்ன நடக்கிறது? சேதி உள்ளே எந்த வழியாகப் போகிறது? சுண்டெலி மூளையை மெல்லிய துண்டாக அறுத்து, உயிரோடு வைத்து, முடியைவிடச் சன்னமான கண்ணாடிக் குழாயை ஒரே ஒரு செல்லின் மேல் ஒட்டிக் காது கொடுத்துக் கேட்பதுதான் என் பிழைப்பு. முதல் தடவை மார்ஃபின் பார்க்கிற செல்லில் சேதி போய்ப் பொட்டாசியம் வாசலைத் திறக்கிறது, செல் அடங்குகிறது. பல நாள் மார்ஃபின் பார்த்த எலியிலோ அந்த வாசல் அசைய மாட்டேன் என்கிறது. சேதி வேறு ஒரு நொதியைப் பிடித்துக்கொண்டு சுற்று வழியில் போகிறது. நாள்பட நாள்பட வலிக்காரர்களுக்கு மருந்து பத்தாமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் தீசிஸ்.

பேசி முடித்தேன். தெருவில் யாரோ கை தட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது, ஆங்கிலத்தில்தான் பேசினேன். சந்தோஷத்துக்குத் தட்டினார்கள்.

ஆரோக்கியதாஸ் சார் மட்டும் தட்டவில்லை. சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டார், சொன்னேன். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஆபத்து என்று லேபில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "மருந்து அதேதான், ஏற்பியும் அதேதான். பழகிப்போன எலியில் ஏற்பி களைத்துப் போய்விட்டது என்று சொன்னால் தீர்ந்தது. நீ ஏன் உள்ளே வழி மாறிவிட்டது என்கிறாய்? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார்.

என் தீசிஸே இந்தக் கேள்விக்கான பதில்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் வாயைத் திறக்கிறேன், காற்றுத்தான் வருகிறது. மேடம் திரையில் நெளிந்தார். "டேக் யுவர் டைம்" என்றார் சார். அந்த மூன்று வார்த்தையிலேயே எனக்கிருந்த மிச்சசொச்ச தைரியமும் போய்விட்டது. அம்மா கரண்டியும் கையுமாக அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள்.

அப்போதுதான் தெரு முனையில் மேளச் சத்தம் கேட்டது.

முதலில் கோவிலிலிருந்து என்று நினைத்தேன். இல்லை. நெருங்கி வந்தது. தவிலும் நாதஸ்வரமும் காதைப் பிளக்க, வாசலில் ஒரு லோடு வேன் வந்து நின்றது. விக்ரம் ஓட்டுநர் சீட்டிலிருந்து குதித்து, என்னைப் பார்த்து 'நான் ஒண்ணும் பண்ணல' என்று கையை விரித்தான். வேனிலிருந்து தட்டுகள் இறங்கின. வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழத் தார், பூச்சரம், மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. இரண்டு ஆள் தூக்கி வருகிற அளவுக்கு ஒரு பலாப்பழம். எல்லாவற்றுக்கும் முன்னால், தட்டைத் தலையில் தாங்கி, ஊர்வலத்தை நடத்திக்கொண்டு வந்தவள் அழகி அத்தை. பின்னால் வெள்ளை வேட்டியில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, என்னை மட்டும் பார்க்காமல் மலையாண்டி மாமா.

"கூப்பிடலைன்னா வர மாட்டோம்னு நெனச்சீங்களோ?" அத்தை வாசலில் நின்று அப்பாவைப் பார்த்துக் கேட்டது. "புள்ளைக்கு ஒரு விசேஷம்னா மொதச் சீரு மாமன் சீருதான். மெல்போர்ன்காரன் செய்வான், நாங்க பாத்துக்கிட்டு இருப்போமா? நல்லாருக்கே கதை!"

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப் போய்த் தம்பியைக் கட்டிக்கொண்டாள். மாமா தொண்டையைச் செருமினார். "தட்டை எங்கிட்டு வைக்கணும்னு அந்தப் பொண்ணுகிட்ட கேளுக்கா" என்றார். நான் ஆறடி தூரத்தில்தான் நிற்கிறேன்.

திரையில் மேடம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேளக்காரரை அப்பா கெஞ்சி நிறுத்தினார். அந்த அமைதியில் ஆரோக்கியதாஸ் சார், முதல்தடவையாகத் தமிழில் கேட்டார்.

"யாரும்மா அவங்க?"

"எங்க தாய்மாமா சார். நோட்டீஸ்ல அவர் பேரு இருக்க வேண்டிய எடத்துல உங்க பேரு இருக்குன்னு சீர் கொண்டு வந்திருக்காங்க."

"வைவாவுக்கா?"

"ஆமா சார்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். என்னை அறியாமல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வந்ததா, சந்தோஷத்தில் வந்ததா தெரியவில்லை. சிரித்ததும் என்னைப் பிடித்திருந்த பிடி விட்டது. "சார், உங்க கேள்விக்குப் பதில் சொல்லட்டுமா? தமிழ்ல?" என்றேன். தலையசைத்தார்.

"நாலு வருஷமா எங்க மாமா வீட்டுக்கு நாங்க பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேதி அனுப்பிக்கிட்டுத்தான் சார் இருக்கோம். போன்ல ரெண்டு டிக் விழும். யாரும் வர மாட்டாங்க. பாக்குறவங்க போன் ரிப்பேர்ன்னு நெனைக்கலாம். இந்த நோட்டீஸும் அதே போனுக்குத்தான் போச்சு. இன்னைக்கு மேளத்தோட வந்து நிக்குறாங்க. அப்ப போன் நல்லாத்தான் சார் இருந்துருக்கு. சேதி வீட்டுக்குள்ள போற வழிதான் மாறிருக்கு. முந்தியெல்லாம் சேதி வந்தா அத்தை கனைப்பாங்க, மாமா அடங்கிருவாரு. இந்தத் தடவை அத்தை கனைக்கல, தட்டைத் தூக்கிட்டாங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஏன்டா, நான் எப்படி கனைச்சேன்?" என்று அத்தை விக்ரமின் முதுகில் ஒன்று வைத்தது. யார் சொல்லியிருப்பார்கள் என்று அதற்குத் தெரியாதா?

"கதை நல்லா இருக்கு. ஆதாரம்?" என்றார் சார்.

"இருக்கு சார். ஏற்பி களைச்சுப் போயிருந்தா எந்த வழியும் வேலை செய்யக் கூடாது. ஆனா பழகின எலியில பொட்டாசியம் வாசல் அசையலை, அதே செல்லுல நொதியோட வேலை மட்டும் மாறுது. அந்த நொதிய முடக்கிட்டு மார்ஃபின் குடுத்தா ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது. புது எலியில அதே நொதிய முடக்கினா மார்ஃபின் பாட்டுக்கு வேலை செய்யுது. அப்ப ஏற்பி சேதிய வாங்கிக்கிட்டுத்தான் சார் இருக்கு. உள்ளதான் வழி வேற."

அவர் எதையோ எழுதினார். பிறகு நிமிர்ந்து, "அத்தை இருக்காங்களா?" என்றார்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டிவிக்கு முன்னால் போய் நின்றது. "நான்தான். நீங்கதான் ஆரோக்கியதாஸா?"

"ஆமாங்க. என் பேரு போட்டிருக்குற எடம் உங்க எடமாங்க?"

"பின்ன? நீங்களே சொல்லுங்க, நாயம்தானா?"

"தப்புத்தாங்க. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எடுக்கச் சொல்லியிருப்பேன்."

"சரி விடுங்க. தெரியாம நடந்தது. கேசரி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் மெல்போர்னில் இருப்பது நினைவுக்கு வந்து அத்தையே சிரித்துவிட்டது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. முதல் வரிசை நாற்காலியில் முழங்காலில் கையை ஊன்றி, கோர்ட்டில் தீர்ப்புக் கேட்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கம் திரும்பினால் அவர் பலாப்பழத்தின் பக்கம் திரும்பினார்.

வைவாவில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வியெல்லாம் முடிந்ததும், பதில் சொன்னவரை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, பெரியவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்வார்கள். எங்கள் லேபில் எல்லாரும் அந்த நேரத்தில் வராண்டாவில் நகம் கடித்துக்கொண்டு நிற்பார்கள். ராஜலட்சுமி மேடம் பழைய காலத்து ஆள். ஆன்லைனில் ஆளை ஒதுக்கி வைக்கிற பட்டன் எது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. "சரி அறிவு, நீ எந்திரிச்சு வெளியே போ. கூப்பிடும்போது வந்தாப் போதும்" என்றார். வந்திருந்தவர்களையும் அனுப்ப வேண்டும் என்பதைப் பதட்டத்தில் மறந்துவிட்டார்.

நான் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பந்தலுக்கு வந்தேன். மேளக்காரர்கள் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வாய் கூட எனக்கு இறங்காது என்று நினைத்துக்கொண்டே நின்றேன். உள்ளே ஒரு நாற்காலி சரிகிற சத்தம் கேட்டது. அப்புறம் மாமாவின் குரல்.

"என்னய்யா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? எதுக்கு எங்க புள்ளைய வெளிய போகச் சொல்றீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடம் ஏதோ சொல்ல வந்தது கேட்டது. மாமா விடவில்லை.

"கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லுச்சுல்ல? ஒண்ணு விடாம சொல்லுச்சுல்ல? எனக்கு ஒரு மண்ணும் புரியலை, ஆனா அது திணறாம சொன்னத இந்த ஊரே பாத்துச்சு! சின்னதுல கண்ணாடிக் குழாய் ஒடஞ்சு கைய கிழிச்சப்பகூட அழாத புள்ளைய்யா அது. மொகத்த தொங்கப்போட்டுக்கிட்டு போவுது! நானும் கோவத்துல இருந்தேன். நாலு வருஷம் அதுகூட பேசாமத்தான் இருந்தேன். ஒருநாள், ஒருபொழுது வெளிய போன்னு சொல்லிருப்பனா? எங்க வீட்டுப் புள்ளைய போகச் சொல்ல நீங்க யாரு?"

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதேன். பட்டம் போனாலும் போகட்டும் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

"அது வழக்கம்தான், யாரும் தொரத்தல" என்று விக்ரமும் அப்பாவும் ஒரே நேரத்தில் சொல்வது கேட்டது. எப்போதும் அப்பாவை அத்தான் என்றுதான் மாமா மரியாதையாகக் கூப்பிடுவார், இன்று "நீங்க சும்மா இருங்க, எல்லாம் ஒங்க நோட்டீஸ்னால வந்தது" என்று அவருக்கும் ஒன்று விழுந்தது. பிறகு ஆரோக்கியதாஸ் சாரின் குரல், மெதுவாக, டிவி ஸ்பீக்கரில் வந்தது.

"அண்ணே, கோவப்படாதீங்க. பாஸா பெயிலான்னு எங்களுக்குள்ள பேசத்தான் வெளிய அனுப்பினோம். இனிமே பேச ஒண்ணும் இல்ல. நல்லா செஞ்சிருக்கு. இப்பருந்து ஒங்க புள்ள டாக்டர் அறிவுமதி. மேடம்தான் உள்ள கூப்பிட்டுச் சொல்லணும். அது எங்க வழக்கம். இன்னைக்கு நீங்க போய் கூப்பிட்டுட்டு வாங்க."

தெருவே ஓவென்று கத்தியது. மேளக்காரர்கள் கேசரிக் கையோடு எழுந்தார்கள். உள்ளே அம்மாவும் அத்தையும் மாறி மாறி அழுகிற சத்தம்.

மாமா நிலைப்படியில் வந்து நின்றார். வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்திருந்தார். இப்போது பார்த்துக்கொள்ள அவருக்குப் பலாப்பழம் கிடையாது, பக்கத்தில் சொல்லி அனுப்ப ஆள் கிடையாது. என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். முகம் ஒரு மாதிரி கோணியது. பின்னாலிருந்து அழகி அத்தை, "கூப்பிடுங்களேன், எதுக்கு நிக்கிறீங்க?" என்று முதுகில் ஒரு தள்ளுத் தள்ளியது.

"டாக்டரம்மா..." என்று ஆரம்பித்தார். குரல் உடைந்தது. "அறிவு, உள்ள வாத்தா."

நான் நகரவில்லை.

"என்னத்தா, காது கேக்கலையா?"

"கேட்டுச்சு மாமா. இன்னொரு தடவை கூப்பிடுங்க."